எக்செல் தாளுக்கு முன்னால் பீக்கைப் பாருங்கள்
(வாசகர் கேள்வி பதில்)

போன மாதம் இந்தப் பக்கத்தில் மாஸ் ஸ்பெக் (மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவி) தரவை ஆராயும் மென்பொருட்களைப் பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தேன். புரதங்களை மொத்தமாக அளந்தால் புரோட்டியோமிக்ஸ், சர்க்கரை, அமினோ அமிலம் மாதிரியான சின்ன மூலக்கூறுகளை அளந்தால் மெட்டபோலோமிக்ஸ், இரண்டுக்கும் அடிப்படைக் கருவி ஒன்றுதான், அதிலிருந்து வரும் கோப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறோம் என்று. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நம்ம பழைய வட ஆற்காடு பக்கத்திலிருந்தே வந்திருக்கின்றன. சந்தோஷமாக இருந்தது. இந்த மாதம் அவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: அக்கா, இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயில் இருக்கும் மெட்டபாலைட்டுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். வெளியூர் ஆய்வகம் ஒன்றில் பணம் கட்டி சாம்பிளை ஓட்டினோம். 36 கோப்புகளும் ஒரு எக்செல் தாளும் வந்தன. தாளில் குளோரோஜெனிக் அமிலம் மூன்று வரிகளில் இருக்கிறது, மூன்றுக்கும் மென்பொருள் போட்ட பொருத்த மதிப்பெண் 90-க்கு மேல். எது சரி? அவர்கள் பயன்படுத்திய மென்பொருளை வாங்க எங்கள் துறையில் பணமில்லை. இலவசமாக எதில் திறந்து பார்க்கலாம்?
*ஆராய்ச்சி மாணவி, காட்பாடி*

பதில்: தங்கச்சி, மூலக் கோப்புகளைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாய் பார், அதுவே பாதி வேலை. எக்செல்லை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டு இரண்டு வருடம் கழித்து அந்த ஆய்வகத்துக்குப் போன் மேல் போன் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

அந்தக் கோப்புகள் கருவி செய்த கம்பெனியின் வடிவத்தில் இருக்கும். புரோட்டியோவிசார்ட் என்ற இலவசத் தொகுப்பில் எம்எஸ்கன்வர்ட் என்று ஒரு நிரல் இருக்கிறது. விண்டோஸ் கணினியில் போட்டுக்கொள், எல்லாவற்றையும் எம்இசட்எம்எல் என்ற பொது வடிவத்துக்கு மாற்றித் தரும். மாற்றும்போது பீக் பிக்கிங் (நிறமாலையில் எழும் மேடுகளான பீக்குகளைப் பொறுக்கி எடுப்பது) என்ற வடிகட்டியைச் சேர்க்க வேண்டும், அது வடிகட்டிப் பட்டியலில் முதலாவதாக நிற்க வேண்டும். வேறு ஏதாவது முன்னால் நின்றால் கம்பெனியின் சொந்தக் கணக்குமுறை வேலை செய்யாது, சுமாரான வேறொரு முறையில் பீக்குகளை எடுத்துத் தந்துவிடும், எச்சரிக்கை வந்தாலும் நாம் கவனிக்க மாட்டோம்.

அப்புறம் எம்இசட்மைன் என்ற மென்பொருளில் திற. கல்விப் பயனுக்கு இலவசம், படம் பார்த்து வேலை செய்யலாம். ஆர் என்ற நிரல் மொழி பழகியிருந்தால் அதில் 2006-இலிருந்து இருக்கிற எக்ஸ்சிஎம்எஸ் தொகுப்பு இன்னும் நல்லது, ஏனென்றால் என்ன செய்தாய் என்பது வரி வரியாக உன் நிரலிலேயே இருக்கும். திறந்ததும் எந்தப் பட்டனையும் அழுத்தாதே. நீ தேடும் பொருளின் நிறை 354.0951. எதிர்மின் முறையில் ஓட்டியிருந்தால் ஒரு புரோட்டான் போய் 353.0878 என்று வரும். அந்த எண்ணுக்கு இருபுறமும் பத்து லட்சத்தில் 5 பங்கு, அதாவது 0.0018 அளவுக்கு ஜன்னல் வைத்து அந்த அயனியின் குரோமட்டோகிராமை மட்டும், அதாவது அது எந்த நிமிடத்தில் எவ்வளவு வந்தது என்ற கோட்டை, வரையச் சொல். மூன்று வேறு நிமிடங்களில் மூன்று மேடு தெரியும் என்று நினைக்கிறேன். உன் மூன்று வரிகள் அவைதான்.

மூன்றும் உண்மையான பொருட்களாகவே இருக்கலாம். கஃபெயிக் அமிலம் குவினிக் அமிலத்தின் எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதைப் பொறுத்து ஒரே நிறையில் பல உடன்பிறப்புகள் உண்டு. (கத்திரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துப்போகிறதே, அதற்கு முக்கியக் காரணம் இந்தக் குடும்பம்தான்.) நிறை எல்லாவற்றுக்கும் ஒன்று, உடைந்த துண்டுகளும் ஏறக்குறைய அதே துண்டுகள், அதனால் மென்பொருள் மூன்றுக்கும் 90 போட்டதில் ஆச்சரியமில்லை. துண்டுகளின் உயரத்தைப் பார்த்தால் ஆள் தெரியும். 191.056 மட்டும் உயரமாக நின்று மற்றவை சின்னதாக இருந்தால் 5-ஆம் இடத்தில் ஒட்டியது, நாம் குளோரோஜெனிக் அமிலம் என்று சொல்வது. 191 உயரமாக இருந்து 179.035-உம் நன்றாக எழுந்து நின்றால் 3-ஆம் இடம். 173.045 எல்லாவற்றையும் விட உயரமென்றால் 4-ஆம் இடம். இதை நீ கண்ணால் பார்த்துச் சொல்லலாம், தேடும் மென்பொருளின் ஒற்றை மதிப்பெண் சொல்லாது.

ஆனாலும் இதுவரை செய்தது ஊகம்தான். 2007-இல் வந்த மெட்டபோலோமிக்ஸ் தர வரையறையில் அடையாளத்துக்கு நான்கு படிகள் இருக்கின்றன. முதல் படிக்கு, அசல் பொருளைக் காசு கொடுத்து வாங்கி, அதே கருவியில் அதே முறையில் ஓட்டி, வரும் நேரமும் துண்டுகளும் பொருந்துகின்றனவா என்று பார்த்திருக்க வேண்டும். நூலகத்தோடு ஒப்பிட்டது மட்டும் என்றால் இரண்டாம் படி. கட்டுரையில் எந்தப் படி என்று எழுது. குளோரோஜெனிக் அமிலம் எளிதில் கிடைக்கிற பொருள், அதை ஒன்றையாவது வாங்கச் சொல்லி உங்கள் வழிகாட்டியிடம் பிடிவாதம் பிடி. வாங்க முடியாதவற்றுக்கு சிரியஸ் என்ற மென்பொருளைப் போட்டுப் பார்க்கலாம், ஜெர்மனியின் ஜெனா நகரில் உருவானது, துண்டுகளிலிருந்து வாய்பாட்டையும் அமைப்பையும் கணிக்கும். அது கணிப்பு என்பதை மறக்காமல் எழுத வேண்டும்.

இன்னொன்று. எம்இசட்மைன் ‘4,000 அம்சங்கள்’ என்று காட்டினால் 4,000 பொருட்கள் என்று எழுதிவிடாதே. உன் குளோரோஜெனிக் அமிலமே 353-இல் ஒரு முறை வரும், இரண்டு மூலக்கூறு ஒட்டிக்கொண்டு 707.183-இல் ஒரு முறை வரும், கருவிக்குள் நுழையும்போதே உடைந்து 191-இல் ஒரு முறை வரும், கார்பன்-13 சேர்ந்தவை தனி. எல்லாம் ஒரே நிமிடத்தில் எழுந்து ஒரே நிமிடத்தில் விழும். அவற்றை ஒரு குடும்பமாகச் சேர்த்த பிறகுதான் எண்ண வேண்டும்.

கடைசியாக, 36 சாம்பிளையும் எந்த வரிசையில் ஓட்டினார்கள் என்று கேள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடம் முன்னால் நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில், நலமானவர்களின் சாம்பிள்களை ஒரு நாளும் நோயாளிகளின் சாம்பிள்களை மறுநாளும் ஓட்டினோம், நடுவில் மே மாத வெயிலில் ஏசி நின்று இரவு முழுக்க அறை கொதித்தது. ஒன்றுபோல இருக்கும் சாம்பிள்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் முதன்மைக் கூறு வரைபடத்தில் இரண்டு கூட்டமும் கோடு போட்ட மாதிரிப் பிரிந்து நின்றன, நாங்கள் கொண்டாடினோம். நாலு மாதம் கழித்து அதே சாம்பிள்களைக் கலந்து ஓட்டியபோது அந்தப் பிரிவு காணாமல் போயிற்று. நாங்கள் அளந்தது நோயை என்று நினைத்திருந்தோம், அளந்தது கிழமையை. சாம்பிள் வரிசையைக் குலுக்கிப் போட வேண்டும், எல்லாச் சாம்பிளிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக் கலந்த பொதுச் சாம்பிள் ஒன்றை எட்டு பத்து ஓட்டத்துக்கு ஒரு முறை நடுவில் ஓட்ட வேண்டும். அந்தப் பொதுச் சாம்பிள்கள் வரைபடத்தில் ஒரே இடத்தில் குவிந்து நின்றால் மேற்கொண்டு போகலாம். புள்ளியியலுக்கு மெட்டபோஅனலிஸ்ட் போதும், பிரவுசரிலேயே ஓடும், ஆனால் ஒவ்வொரு திரையிலும் எதைத் தேர்ந்தெடுத்தாய் என்று நோட்டில் எழுதிக்கொள்.

கேள்வி: புரதப் பட்டியலை எக்செல்லில் திறந்தால் ஜீன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘2-செப்டம்பர்’, ‘1-மார்ச்’ என்று வருகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?
*வாசகர், சத்துவாச்சாரி*

பதில்: கோப்பு நன்றாகவே இருக்கிறது, எக்செல் மாற்றிவிட்டது. செப்டின், மார்ச் என்ற இரண்டு குடும்பங்களின் ஜீன் குறியீடுகளைத் தேதி என்று எடுத்துக்கொள்ளும். இந்தத் தொல்லையால்தான் மனித ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020-இல் அந்தக் குறியீடுகளையே மாற்றியது. பழைய தரவில் இன்னும் வரும். கோப்பை இரண்டு தரம் கிளிக் செய்து திறக்காமல், எக்செல்லின் தரவு இறக்குமதி வழியாகப் போய் அந்த நெடுவரிசையை ‘உரை’ என்று குறித்துத் திறங்கள். சேமித்த பிறகு பழைய பெயர் திரும்பாது, மூலக் கோப்பிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும்.

கேள்வி: அக்கா, தோல் பதனிடும் தொழிலை ஒட்டி எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்கிறேன். மாடு, ஆடு, செம்மறி தோல்களைச் சுண்ணாம்பு போட்டு முடி நீக்கிய பிறகு என்னென்ன புரதம் மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். புரதங்களை அடையாளம் காணும் மேக்ஸ்குவாண்ட் மென்பொருளில் எல்லா அமைப்பையும் அப்படியே விட்டு ஓட்டினேன். கொலாஜன் மிகக் குறைவாக வந்தது, கெரட்டின் இல்லவே இல்லை, ஆட்டுத் தோலில் மாட்டுப் புரதம் வருகிறது. சாம்பிள் மாறிவிட்டதா?
*மாணவர், ஆம்பூர்*

பதில்: தம்பி, உன் கேள்வியைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். சாம்பிள் மாறியிருக்க வேண்டியதில்லை, நீ சொன்ன மூன்றும் அமைப்பை அப்படியே விட்டதாலேயே வரும்.

கொலாஜனை முதலில் எடுத்துக்கொள்வோம். அது கிளைசின், அப்புறம் இரண்டு, மறுபடி கிளைசின் என்று ஓடும் சங்கிலி. அதில் இருக்கும் புரோலினில் நிறைய, உடம்பிலேயே ஓர் ஆக்சிஜன் ஏறி ஹைட்ராக்சிபுரோலினாக மாறியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் நிறை 15.9949 கூடும். மேக்ஸ்குவாண்ட் இயல்பாக மெத்தியோனின் மேல் மட்டும்தான் இந்த 15.9949-ஐ எதிர்பார்க்கிறது. புரோலின் மேலும் ஏறலாம் என்று நீ சொல்லாதவரை, இப்படி மாறிய கொலாஜன் பெப்டைடு (ஓட்டும் முன் புரதத்தை வெட்டிக் கிடைக்கும் துண்டு) நிறமாலையில் மலை மாதிரி நின்றாலும் கணக்கில் எந்தப் பெயரோடும் பொருந்தாமல் போகும். அந்த மாற்றத்தைச் சேர். ஒரு பெப்டைடில் அதிகபட்சம் 5 மாற்றம் என்று இருப்பதையும் கவனி, நீளமான கொலாஜன் பெப்டைடுக்கு அது போதாமல் போகலாம். கூட்டினால் தேடல் நேரம் ஏறும், தவறான பொருத்தமும் கூடும், அதனால் 5-க்கும் 7-க்கும் ஓட்டி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்.

கெரட்டின் கதை வேறு. எந்த ஆய்வகத்திலும் நம் தோல், முடி, கம்பளித் தூசு வழியாகக் கெரட்டின் விழும் என்பதால் மென்பொருள் அதை ‘மாசு’ பட்டியலில் வைத்திருக்கிறது, கூடவே மாட்டு ரத்தப் புரதங்கள் பலவும் அதில் உண்டு, செல் வளர்க்க மாட்டு சீரம் ஊற்றுவதால். மாசு என்று குறித்த வரிகளை நீக்கு என்று எல்லாப் பாடத்திலும் சொல்லித்தருவார்கள், நீயும் நீக்கியிருப்பாய். உனக்கோ முடி போயிற்றா என்பதுதான் கேள்வியே! நீ தேடிப்போனதை நீயே வடிகட்டிக் கொட்டிவிட்டாய். அந்த வரிகளைத் திரும்ப எடுத்து, மனிதக் கெரட்டின் எது, ஆட்டு மாட்டுக் கெரட்டின் எது என்று பெப்டைடு பெப்டைடாகப் பிரி. மனிதருக்கு மட்டும் உரிய பெப்டைடு வந்தால் அது உன் கையிலிருந்து விழுந்தது. தோல் இல்லாமல் வெறும் கரைசலை மட்டும் வைத்து ஒரு வெற்றுச் சாம்பிளும் ஓட்டு.

மூன்றாவது, நீ மாட்டின் புரதத் தொகுப்பை மட்டும் கொடுத்துத் தேடியிருக்கிறாய் என்று நினைக்கிறேன். தெரிந்த பெயர்களில் இருந்துதான் மென்பொருள் ஒன்றைச் சொல்லும். இந்த மூன்று விலங்குக்கும் கொலாஜன் பெரும்பகுதி ஒன்றே போல இருப்பதால் ஆட்டுத் தோலுக்கும் மாடு என்று நிறைவாகப் பதில் சொல்லிவிடும். யூனிபுராட் என்ற பொதுப் புரதத் தரவுத்தளத்திலிருந்து மூன்றின் தொகுப்பையும் இறக்கி ஒன்றாகக் கொடு. ஆட்டையும் செம்மறியையும் பிரிப்பதுதான் சிரமம், அதற்கு ஒரு வழி இருக்கிறது. பழைய எலும்புத் துண்டு எந்த விலங்கினுடையது என்று கொலாஜன் பெப்டைடுகளின் நிறையை வைத்துச் சொல்லும் முறையை 2009-இல் வெளியிட்டார்கள். அதில் செம்மறிக்கு 3033, வெள்ளாட்டுக்கு 3093 என்று ஒரு குறி பெப்டைடு உண்டு. அவற்றோடு 3017, 3077 என்று 16 குறைவாக இணைப் பீக்கும் வரும். அந்த 16-தான் மேலே சொன்ன ஒற்றை ஆக்சிஜன்.

குரோமியத்தால் பதனிட்ட பிறகு எடுத்த தோலென்றால் புரதத்தை வெட்டும் நொதியான டிரிப்சின் அதை லேசில் வெட்டாது, அது மென்பொருளின் குறை கிடையாது. பதனிடும் முன் எடுத்த துண்டையே வைத்துக்கொள்.

கேள்வி: ‘1 சதவீத எஃப்டிஆர்’ (தவறான கண்டுபிடிப்புகளின் விகிதம்) என்று எல்லாக் கட்டுரையிலும் போடுகிறார்கள். எது தவறு என்றே தெரியாதபோது 1 சதவீதம் தவறு என்று எப்படிச் சொல்கிறார்கள்?
*கல்லூரி ஆசிரியர், வாணியம்பாடி*

பதில்: ஐயா, உங்களுக்கு வகுப்பறையை வைத்தே சொல்கிறேன். வருகைப் பதிவேட்டில் 60 உண்மையான பெயர்களோடு, பிறக்கவே பிறக்காத 60 பேரின் பெயரையும் கலந்து எழுதி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பெயர் கூப்பிடுங்கள். இல்லாத பெயர்களில் 3 பேருக்கு ‘உள்ளேன் ஐயா’ என்று குரல் வந்தால், யாரோ ஆள் மாறிச் சொல்கிறார்கள், உண்மைப் பெயர்களிலும் ஏறக்குறைய 3 அப்படிப்பட்டவை என்று கணிக்கலாம். எந்த மூன்று என்று தெரியாது, எத்தனை என்று தெரியும். மென்பொருளும் இதைத்தான் செய்கிறது. உண்மைப் புரத வரிசைகளைத் தலைகீழாகத் திருப்பி, இயற்கையில் இல்லாத வரிசைகளாக்கி, அதே பட்டியலில் கலந்துவிடுகிறது. மேக்ஸ்குவாண்ட் முடிவில் ‘ரெவ்’ என்று தொடங்கும் வரிகள் அவைதான். மதிப்பெண் எல்லையை ஏற்றிக்கொண்டே போய், பொய்ப் பெயர்கள் உண்மைப் பெயர்களில் நூற்றுக்கு ஒன்றாகக் குறையும் இடத்தில் கோடு போடுகிறது. எலியாஸ், கைகி இருவரின் 2007 கட்டுரைக்குப் பிறகு இந்த முறை எல்லா இடத்திலும் பரவிவிட்டது.

மாணவர்களுக்கு ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். நிறமாலை அளவில் 1 சதவீதம் வைத்தால் புரத அளவிலும் 1 சதவீதம் என்று ஆகாது. சரியான பொருத்தங்கள் ஒரே புரதத்தில் கூடிக் குவியும், தவறானவை ஆளுக்கொரு புரதமாகச் சிதறும், அதனால் புரதப் பட்டியலில் தவறின் பங்கு பெரிதாகிவிடும். இரண்டுக்கும் தனித்தனியாக எல்லை வைக்க வேண்டும், ஒரே ஒரு பெப்டைடை வைத்து நிற்கும் புரதத்தின் நிறமாலையைத் திறந்து பார்க்காமல் முடிவில் எழுதக் கூடாது.

கேள்வி: பிறந்த குழந்தையின் குதிகாலில் ரத்தம் எடுத்துச் செய்யும் சோதனையும் இதே மாஸ் ஸ்பெக்தான் என்கிறார்களே, அதற்கும் இந்த மென்பொருட்கள்தானா?
*வாசகி, ஆற்காடு*

பதில்: கருவி வகை அதேதான், வேலை வேறு. அங்கே என்ன தேட வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும். சில அமினோ அமிலங்கள், கொழுப்பு எரிவதைக் காட்டும் அசைல்கார்னிட்டின்கள், ஒவ்வொன்றுக்கும் கனமான ஐசோடோப்பு சேர்த்த அளவுகோல் ஒன்று, தாண்டக் கூடாத ஓர் எல்லை. இந்தப் பக்கத்தில் பேசுவது என்ன இருக்கிறது என்றே தெரியாமல் தேடும் வேலையைப் பற்றி. உங்கள் வீட்டுக் குழந்தைக்கு அறிக்கை வந்திருந்தால் மருத்துவரிடமே கேளுங்கள், திரும்ப ஒரு முறை சோதிக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மூன்று சாம்பிள் ஒரு பக்கம், மூன்று ஒரு பக்கம். புரதப் பட்டியலில் நிறைய இடத்தில் 0. இரண்டு பக்கச் சராசரியையும் ஒப்பிடும் டி-டெஸ்டை அப்படியே போடலாமா? நண்பர் பெர்சியஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாம் நிரம்பிவிடும் என்கிறார்.
*ஆராய்ச்சி மாணவர், திருப்பத்தூர்*

பதில்: நிரம்பும், தம்பி. எதை வைத்து நிரம்புகிறது என்று தெரிந்துகொண்டு அழுத்து. அந்த 0 ‘இல்லை’ என்ற செய்தி கிடையாது, ‘பார்க்கவில்லை’ என்பதுதான். கருவி ஒவ்வொரு சுற்றிலும் உயரமான சில அயனிகளை மட்டும் உடைத்துப் பார்க்கிறது, வரிசையில் பின்னால் நின்றது ஒரு ஓட்டத்தில் மாட்டும், மறு ஓட்டத்தில் மாட்டாது. பெர்சியஸின் இயல்பு முறை, உன் மதிப்புகளின் சராசரியிலிருந்து 1.8 திட்ட விலக்கம் கீழே இறங்கி, 0.3 மடங்கு அகலத்தில் சீட்டுக் குலுக்கி எண் எடுத்துப் போடுவது. புரதம் மிகக் குறைவாக இருந்ததால் விடுபட்டது என்றால் அது நியாயம். மூன்றில் இரண்டு சாம்பிளில் உயரமாக இருந்து ஒன்றில் மட்டும் விடுபட்டிருந்தால், அங்கே தாழ்ந்த எண்ணைப் போடுவது அநியாயம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு மதிப்பு மட்டும் இருக்கும் வரியில் மிச்ச நாலையும் நிரப்பி ‘வித்தியாசம் உண்டு’ என்று எழுதினால், நீ எழுதியது குலுக்கலின் முடிவு.

அதனால் ஒரு பக்கத்திலாவது மூன்றுக்கு மூன்று மதிப்பு இருக்கும் வரிகளை மட்டும் வைத்துக்கொள். மடக்கை எடு, பிறகு நிரப்பு. நிரப்பிய எண்களை வேறு நிறத்தில் காட்டு. ஆயிரக்கணக்கான புரதத்துக்கு ஆயிரக்கணக்கான டி-டெஸ்ட் போடுவதால் தற்செயலாக வரும் வித்தியாசங்களைக் கட்டுப்படுத்தும் பன்மைத் திருத்தமும் கட்டாயம். முக்கியமாக வரும் பத்துப் பதினைந்து புரதத்தை, பீக்குகளைக் காட்டும் ஸ்கைலைன் மென்பொருளில் திறந்து ஆறு சாம்பிளின் பீக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். 0 என்று வந்த இடத்தில் நல்ல பீக்கே நிற்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இனிமேல்தான் ஓட்டப் போகிறாய் என்றால், எல்லா அயனிகளையும் விடாமல் உடைக்கும் டிஐஏ முறையில் ஓட்டி டிஐஏ-என்என் மென்பொருளில் போடுவதைப் பற்றி ஆய்வகத்தாரிடம் பேசு, இந்த ஓட்டை அதில் வெகுவாகக் குறையும்.

கேள்வி: அம்மா, நான் குடியாத்தத்தில் தறி வைத்திருக்கிறேன். மகள் பி.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்துவிட்டு, இந்த மென்பொருளெல்லாம் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்கிறாள். கருவி கோடிக்கணக்கில் விலை என்கிறார்கள். கருவி இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து கற்க முடியுமா? எந்தக் கணினி வாங்கித் தர வேண்டும்?
*ஒரு தந்தை, குடியாத்தம்*

பதில்: முடியும் ஐயா. உலகமெங்கும் ஆய்வாளர்கள் தங்கள் மூலக் கோப்புகளைப் பொதுவில் வைக்கிறார்கள். புரதத் தரவுக்கு பிரைடு, சின்ன மூலக்கூறுகளுக்கு மெட்டபோலைட்ஸ், இரண்டும் இங்கிலாந்தில் இருக்கும் ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தின் சேமிப்பகங்கள். யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கட்டுரையில் என்ன முடிவு சொன்னார்கள் என்பதும் கூடவே இருக்கும், அதனால் உங்கள் மகள் தானே ஓட்டிப் பார்த்து விடையைச் சரிபார்க்கலாம், வாத்தியார் பக்கத்தில் இல்லாவிட்டாலும். ஸ்கைலைன் மென்பொருளைச் செய்த சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு பயிற்சிப் பாடங்களை மாதிரிக் கோப்புகளோடு தருகிறது, ஒவ்வொரு திரைக்கும் படம் உண்டு. அங்கேயே தொடங்கட்டும்.

கணினி 16 ஜிபி ரேம், விண்டோஸ், கொஞ்சம் பெரிய எஸ்எஸ்டி இருந்தால் போதும், பழையதாக வாங்கினாலும் பரவாயில்லை, விளையாட்டுக்கான விலையுயர்ந்த கார்டெல்லாம் வேண்டாம். உங்கள் பக்கத்தில் கரண்ட் போய்ப் போய் வந்தால் லேப்டாப்பாக வாங்குங்கள், ஒரு தேடல் ராத்திரி முழுக்க ஓடும், பாதியில் நின்றால் பிள்ளைக்கு அழுகை வரும். ஆர் மொழியையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள், அது இல்லாமல் பட்டன் அழுத்த மட்டும் தெரிந்தவர்களுக்கு ஆய்வகங்களில் இடம் குறைந்துகொண்டே வருகிறது. முதல் கோப்பைத் திறந்ததும் அதில் என்ன பார்த்தாள் என்று எனக்கு ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள். புரியாத பீக் இருந்தால் படமும் சேர்த்து அனுப்பட்டும், உட்கார்ந்து பார்த்துப் பதில் எழுதுகிறேன்.